கொழும்பு நெரிசலில் டர்போ பெற்றோல் எஞ்சின் தாக்குப்பிடிக்குமா?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். 2018 ஆம் ஆண்டில் பதிவுசெய்யப்பட்டு, எழுபதாயிரம் கிலோமீற்றர் ஓடிய ஹொண்டா சிவிக் 1.0 டர்போ ஒன்று தெரிந்தவர் மூலம் எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. வெளித்தோற்றத்திலும் உள்ளேயும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் என் மாமா, டர்போ பூட்டிய சிறிய பெற்றோல் எஞ்சின் ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டாது என்றும், வரி குறைவு என்பதற்காக 1000 சீசீக்குள் வாகனம் தேடுபவர்கள் பின்னர் அந்தப் பணத்தைக் கராஜில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் அடித்துச் சொல்கிறார்.

என் பாவனை பெரும்பாலும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை, காலி வீதியில் காலையும் மாலையும் ஊர்ந்து போவதுதான். ஏசி எந்நேரமும் ஓடும். சில மாதங்களுக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வருவோம். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டர்போ எஞ்சின் பொருந்துமா? ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது? காரை நிறுத்துமுன் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும் என்பது இன்றும் பொருந்துமா? 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா? சிவிக்கை விட்டுவிட்டு டொயோட்டா ரைஸ் பக்கம் போகலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெஹிவளை மெக்கானிக்:

மாமா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் பழியை எல்லோரும் டர்போவின் தலையில் போடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அதன் ஒரு முனையில் 900 பாகை செல்சியசைத் தொடக்கூடிய புகை மோதுகிறது, மறுமுனையில் காற்று அழுத்தப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம்தான். அந்த ஒயில் சுத்தமாகவும் போதிய அழுத்தத்துடனும் வரும் வரை டர்போவுக்கு எளிதில் கேடு வராது. கராஜுக்கு வரும் செத்த டர்போக்களில் பலவற்றில் ஒயில் ஊட்டும் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால், உட்சுவரில் கரி இறுகிப் படிந்து, துவாரம் பாதியாகச் சுருங்கியிருக்கும். அந்த நிலையில் புது டர்போவை வாங்கிப் பூட்டினாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஒயில் மாற்றுவதைக் கிலோமீற்றரில் கணக்கிடுவது கொழும்புக்குப் பொருந்தாது. சராசரியாக மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் கார் 10,000 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 667 மணித்தியாலம் எஞ்சினை இயக்குகிறது. 60 கிலோமீற்றர் சராசரியில் வெளியூர் ஓடும் காருக்கு அதே தூரம் 167 மணித்தியாலம்தான். மீற்றரில் இரண்டும் ஒன்று, ஒயிலுக்கு ஒன்றல்ல. ஆகவே உங்களுடைய ஓட்டத்துக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. கைநூலில் கூடுதலான தூரம் எழுதியிருந்தாலும், கடுமையான பாவனை பற்றி அதே நூல் தனியாகச் சொல்வதையும் படியுங்கள். கோட்டைக்குப் போய்வருவது அந்த வகைதான்.

ஒயில் எது என்பதும் முக்கியம். குறைந்த சுற்றில் அதிக பாரம் விழும்போது, தீப்பொறி பாயுமுன்னரே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு, பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி ஊசி டர்போ எஞ்சின்களில் உண்டு. பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது போகலாம். 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஒயில் தரத்தில் அதற்கான சோதனையும், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயினின் தேய்வுக்கான சோதனையும் இருக்கின்றன. போத்தலில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், போலி ஒயில் சந்தையில் நடமாடுவதால் நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது பற்றி: காலி வீதியில் ஊர்ந்து வீடு சேரும்போது டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும், வாசலில் நின்று பெற்றோலை எரிப்பதில் பயனில்லை. தெற்கு அதிவேக வீதியில் 100 இல் வந்து வெலிபென்னவில் தேநீருக்காகத் திரும்பியவுடன் சாவியை அணைப்பதுதான் கூடாது. அங்கே ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இக்காலக் கார்களில் டர்போவின் நடுப்பகுதியைக் கூலன்டும் குளிர்விப்பதால் பழைய காலத்துப் பதற்றம் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைக்காரர்:

அதே 1.0 எஞ்சின் சிவிக்கை நான் வைத்திருப்பதால் இதை எழுதுகிறேன். டர்போவை விட நீங்கள் பயப்பட வேண்டியது, இந்த எஞ்சினில் செயினுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட்டுக்குத்தான். பழைய ஹொண்டாக்களில் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, மூடிக்குள் உலர்ந்த நிலையில் ஓடியது. இந்த எஞ்சினில் அது ஒயிலில் நனைந்தபடி உள்ளே ஓடுகிறது. ஃபோர்டின் 1.0 இகோபூஸ்ட், பெஜோவின் 1.2 பியூர்டெக் ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது, அவற்றின் உரிமையாளர்கள் பட்ட பாடு ஐரோப்பாவில் ஊரறிந்த கதை. பியூர்டெக் எஞ்சின்களுக்கு ஸ்டெலான்டிஸ் நிறுவனம் பத்து ஆண்டு அல்லது 175,000 கிலோமீற்றர் வரை உத்தரவாதத்தை நீட்ட வேண்டியதாயிற்று.

காரை நான் வாங்கிய பின், முந்தைய உரிமையாளர் வழமையாகக் கொடுத்துவந்த கராஜின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டியபோது, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் ஊற்ற வேண்டிய எஞ்சினுக்கு இரண்டு தடவை அதைவிடத் தடித்த 10டபிள்யூ-40 ஊற்றியிருந்தது தெரிந்தது. மனம் கேட்காமல் வேறோர் இடத்தில், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான ஒயில் சம்பைக் கழற்றச் சொன்னேன். ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள கம்பிவலையில், வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைத் தூள் போலக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் நசுக்கினால் அது நொறுங்கவில்லை, இழுபட்டது. கரி என்றால் நொறுங்கும், இது பெல்ட்டின் றப்பர். அந்த வலை இன்னும் கொஞ்சம் அடைபட்டிருந்தால் ஒயில் அழுத்தம் விழுந்து, முதலில் டர்போவும் பின்னர் பெயரிங்குகளும் போயிருக்கும். உடனே பெல்ட்டை மாற்றினோம். கார் இன்று நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வாங்குபவர் எவரும் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தெஹிவளை மெக்கானிக் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குறுகிய தூர ஓட்டத்தில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஒயிலில் கலக்கும். ஹொண்டாவின் 1.5 டர்போவில் இது 2018 இல் சீனாவிலும் அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களிலும் பெரிய பிரச்சினையாகி, அமெரிக்காவில் உத்தரவாதக் காலத்தை நீட்டினார்கள். நம் வெயிலில் அந்த அளவுக்கு வராது. என்றாலும் பெற்றோல் கலந்த ஒயில் இந்தப் பெல்ட்டை ஊறவைத்து மிருதுவாக்கும் என்பதால், அளவுகோலில் ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெற்றோல் வாடை அடித்தாலோ கெடு வரும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

அளவுகோல்:

பெற்றோல் கேள்வியை எல்லோரும் கடந்துபோய்விட்டார்கள். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் ஆகக்குறைந்த ஒக்டேன் 89 தான். அந்தப் பெற்றோலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ரைஸுக்கு நமது 92 தாராளம், 95 ஊற்றுவது வீண்செலவு. ஐரோப்பியச் சந்தைக்கான சிவிக் 95 ஐ அடிப்படையாகக் கொண்டது. 92 ஊற்றினால், கலவை தாறுமாறாக வெடிப்பதை உணரும் நொக் சென்சர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும் என்பது உண்மை, ஆனால் ஏசியோடு நான்கு பேரை ஏற்றிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் போகும்போது அந்தக் காப்பை நம்பி இருப்பதை விட 95 அடிப்பது மலிவு.

எனக்கு ரைஸ்தான் பிடிக்கும். அதன் 996 சீசீ எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது, பெல்ட் கிடையாது. பெற்றோல் உள்ளெடுப்புக் குழாயிலேயே தெளிக்கப்படுவதால் வால்வுகளைக் கழுவிக்கொண்டே போகிறது. நேரடி ஊசி எஞ்சின்களில் வால்வின் முதுகில் கரி படிந்து, ஒரு கட்டத்தில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டி வரும் தொல்லை இதில் இல்லை. சிவிக்கின் சொகுசும் நெடுஞ்சாலையில் அதன் பிடிப்பும் ரைஸில் கிடையாது, அதையும் மறைக்கவில்லை. நாள்தோறும் கோட்டைக்குப் போய்வர அந்தச் சொகுசு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் நன்றி. விற்பவரிடம் கேட்டேன். நாற்பதாயிரம் கிலோமீற்றர் வரைக்குமான சேர்விஸ் சீட்டுகள் மட்டுமே அவரிடம் இருக்கின்றன. அதற்குப் பிறகும் ஒழுங்காக மாற்றியதாகச் சொல்கிறார், ஆதாரம் இல்லை. ரைஸின் விலை எனக்கு எட்டவில்லை என்பதால் சிவிக்கையே பார்க்க வேண்டியிருக்கிறது. எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது?

தெஹிவளை மெக்கானிக்:

சீட்டு இல்லாத முப்பதாயிரம் கிலோமீற்றரையும் ஒயில் மாற்றாத காலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கார் இரவு முழுவதும் நின்ற பின் காலையில் போய், உங்கள் முன்னால் முதல் தடவையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். சிறிது நேரம் சும்மா ஓடவிட்டு, பிறகு முடுக்கும்போது நீலப் புகை வருகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். ஸ்கேனரைப் பூட்டியபடி பேலியகொடையில் கட்டுநாயக்கா அதிவேக வீதிக்கு ஏறி, ஒரு தடவை முழுமையாக முடுக்கி, கணினி கேட்கும் அழுத்தமும் டர்போ கொடுக்கும் அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா என்று கவனியுங்கள். பி0299 என்ற கோளாறுக் கோட் பதிவாகியிருந்தால் டர்போ கொடுக்கும் காற்றழுத்தம் குறைவு என்று அர்த்தம். அது டர்போவாகவே இருக்க வேண்டியதில்லை, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வெடித்த குழாயாகவும் இருக்கலாம். அதே குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஒயில் பூச்சு தெரியும், அது வழமை. ஒயில் தேங்கி நின்றால் கதை வேறு.

பெல்ட்டைப் பொறுத்தவரை, மேலிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று எவர் சொன்னாலும் சம்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் நான் நம்பமாட்டேன். கழற்றும் கூலியை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கும் சம்மதிக்கவில்லையென்றால் வேறு கார் தேடுவதே நல்லது. சம்மதித்து, வலை சுத்தமாக இருந்தாலும், புது பெல்ட்டின் விலையையும் கூலியையும் பேசிய தொகையிலிருந்து கழித்துக்கொண்டு, வாங்கிய அதே வாரத்தில் ஒயிலோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பெல்ட்டை ஹொண்டா முகவரிடமே வாங்குங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எனக்குப் பல காலப் பழக்கம் இருந்தாலும், எஞ்சினுக்குள் ஒயிலில் ஊறப்போகும் பெல்ட்டை அங்கே பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கச் சொல்லமாட்டேன்.