புது லேப்டாப், புளூடூத் ஹெட்போன்: முகவீணை திடீரென்று தகர டப்பா ஆகிறது, மவுஸும் நொண்டுகிறது

கூத்துக்கொட்டாய்:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கொட்டாயிலிருந்து எழுதுகிறேன். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுவது பிழைப்பு. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது பில் போடுவதும் எக்செல்லும்தான். இந்த வருஷம் சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நின்றது. ஆடித் தள்ளுபடியில் ஒரு லேப்டாப் வாங்கிவிட்டேன், விண்டோஸ் 11. கூடவே காதை முழுக்க மூடுகிற புளூடூத் ஹெட்போன், வயரில்லாத மவுஸ்.

எதற்கு வாங்கினேன் என்று சொன்னால்தான் என் தொல்லை உங்களுக்குப் புரியும். என் அப்பா தெருக்கூத்தில் மிருதங்கம் வாசித்தவர். சுற்று வட்டாரத்தில் எங்கே பாரதம் வைத்தாலும் நான் போய் ரெக்கார்டு செய்துவிடுவேன். அவர் இருந்த காலத்திலும் செய்தேன், அவர் போன பிறகும் விடவில்லை. பதினொரு வருஷத்துப் பதிவு, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் அதுதான். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் ஒரே ஃபைலாக ஓடும். அதில் ஜெனரேட்டர் சத்தம், குழந்தை அழுகை, மைக்செட்காரரின் 'ஹலோ ஹலோ' எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பாட்டைத் தனியாகவும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளை மகள் போட்டுக் கொடுத்தாள். வீடு இரண்டு அறை. எல்லாரும் தூங்கின பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும். அதனால்தான் ஹெட்போன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெட்போன் லேப்டாப்போடு சேர்ந்துகொண்டது, சத்தமும் அருமை. ஆனால் ஆடாசிட்டியில் வேலை செய்யும்போது சில நேரம் நன்றாக இருக்கிறது, சில நேரம் திடீரென்று தகர டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. முகவீணை, அதாவது கூத்தில் ஊதுகிற குட்டிக் குழல், கொசு கத்துவது போல் கேட்கிறது. மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலை மட்டும் டொக் டொக் என்கிறது, கனத்த சத்தம் தரும் இடது பக்கம், தொப்பி, காணவே காணோம். இரண்டு காதிலும் ஒரே சத்தம். ஆடாசிட்டியை மூடினால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது.

அடுத்தது மவுஸ். ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் அது நொண்டுகிறது. ஃபைல் காப்பி ஆகும்போது இன்னும் மோசம், அம்புக்குறி தவளை மாதிரி குதிக்கிறது. அந்த நேரம் ஹெட்போனும் விட்டு விட்டுத்தான் கேட்கும். டிஸ்க்கைப் பிடுங்கினால் ஒரு தொல்லையும் இல்லை.

இன்னொன்று சின்ன விஷயம். பழைய கம்ப்யூட்டரில் போட்ட மைக் ஒன்று இருக்கிறது, இளஞ்சிவப்பு பின். புது லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான். அதில் செருகினால் மைக் வேலை செய்யவில்லை, லேப்டாப் ஸ்பீக்கர்தான் ஊமையாகிறது.

வாங்கின கடையில் கேட்டேன். "அண்ணா, புளூடூத்ன்னா அப்படித்தான் இருக்கும், காசு கூடப் போட்டு வேற எடுத்துக்குங்க" என்கிறார் அங்கிருந்த தம்பி. மாற்ற வியாழக்கிழமை வரைதான் நேரம். ஹெட்போனை மாற்றட்டுமா, லேப்டாப்பையே மாற்றட்டுமா? ஹெட்போனை மூன்று முறை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பார்த்துவிட்டேன். நீக்கினதும் அது மகள் போனில் போய் ஒட்டிக்கொள்கிறது, அது வேறு கூத்து.

தொப்பூர் கணவாய்:

டிரைவர் பிரச்சினைதான் அண்ணா. லேப்டாப் கம்பெனி தளத்தில் புளூடூத் டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு ஃபார்மேட் அடித்துவிடுங்கள், எல்லாம் போய்விடும்.

ஓசூர் சிப்காட்:

அண்ணா, தயவு செய்து ஃபார்மேட் அடிக்காதீர்கள். டிரைவரைப் புதுப்பித்து வைப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஹெட்போனைத் திருப்பியும் கொடுக்காதீர்கள். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

புளூடூத்தில் சத்தம் போக இரண்டு வழி உண்டு. ஒன்று பாட்டுக் கேட்பதற்கு, அதற்குப் பெயர் ஏ2டிபி. ஒருவழிப் பாதை, லேப்டாப்பிலிருந்து காதுக்கு மட்டும். ஸ்டீரியோ, நல்ல தரம். இன்னொன்று எச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ, போன் பேசுவதற்காக வந்தது. காதுக்கும் போகும், ஹெட்போன் மைக்கிலிருந்தும் வரும். இரண்டு பக்கமும் வண்டி ஓட வேண்டியிருப்பதால் சரக்கைக் குறைத்துவிடுவார்கள். ஒரே மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். பழைய முறையில் விநாடிக்கு 8,000 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து எடுப்பது, அதற்கு அடுத்து வந்ததில் 16,000. சிடியில் 44,100. சாம்பிள் எண்ணிக்கையில் பாதி வரைக்கும்தான் ஒலி ஏறும், ஆக 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸோடு எல்லாம் நின்றுவிடும். முகவீணை போன்ற கீச்சு வாத்தியத்தின் பளபளப்பு அதற்கு மேலேதான் இருக்கிறது. கீழேயும் வெட்டு விழும், உங்கள் தொப்பி காணாமல் போனது அதனால்தான்.

ஏதாவது ஒரு மென்பொருள் ஹெட்போனில் இருக்கும் மைக்கைத் திறந்தால் போதும், விண்டோஸ் அந்த நொடியே முதல் வழியை விட்டு இரண்டாவதுக்கு மாறிவிடும். விண்டோஸ் 10-ல் ஸ்டீரியோ, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரியும், ஆள் கண்டுபிடித்துவிடலாம். 11-ல் இரண்டையும் ஒரே பெயராக்கிவிட்டார்கள். பார்க்க அழகு, ஆனால் எப்போது மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஒரு கேள்வி. ஆடாசிட்டியின் மேல்பக்கத்தில் மைக் படம் போட்ட ஒரு மீட்டர் இருக்கும். அதைத் தட்டுகிறீர்களா?

கூத்துக்கொட்டாய்:

தட்டுகிறேன் தம்பி. தட்டினால் பச்சைக் கோடு ஆடும். அது ஆடினால்தான் எல்லாம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டியில் தராசு முள் ஆடுகிற மாதிரி.

ஓசூர் சிப்காட்:

பிடிபட்டது. அந்தக் கோடு காட்டுவது உங்கள் அறைச் சத்தத்தை, கூத்தை இல்லை. அதைத் தட்டும்போதெல்லாம் ஹெட்போன் மைக் திறக்கிறது, சத்தம் தகரமாகிறது. அதை ஆடவிடாதீர்கள். அப்புறம் ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் ஹெட்போனை எடுத்துவிட்டு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்திலும் அதே. அவுட்புட் மட்டும் ஹெட்போனாக இருக்கட்டும்.

வேறு எப்போதாவது தகரமானால் கீழே டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கம் பாருங்கள். யாராவது மைக்கைப் பிடித்து வைத்திருந்தால் குட்டியாக ஒரு மைக் படம் தெரியும். பெரும்பாலும் மூட மறந்த வீடியோ மீட்டிங்காக இருக்கும்.

ஒரேயடியாக அடைக்கவும் வழி உண்டு. செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், டிவைசஸ், அங்கே மோர் டிவைசஸ் அண்ட் பிரின்டர் செட்டிங்ஸ் என்பதைத் தட்டினால் பழைய டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ் பக்கம் திறக்கும், அதில் ஹெட்போன் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், சர்வீசஸ். அங்கே ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிஃபோனி என்பதில் டிக் எடுத்துவிட்டால் ஹெட்போன் மைக் லேப்டாப்பில் செத்துவிடும், சத்தம் எப்போதும் ஸ்டீரியோதான். ஆனால் மகள் அதே ஹெட்போனில் ஆன்லைன் வகுப்பு பேசுபவளாக இருந்தால் இதைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

காசு கூடப் போட்டால் சரியாகும் என்று கடைத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. எல்இ ஆடியோ என்று புது முறை வந்திருக்கிறது, அதில் மைக் திறந்திருந்தாலும் தரம் இவ்வளவு விழாது. ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டுமே அதற்கு ஒத்துவர வேண்டும். ஹெட்போனை மட்டும் விலை கூட வாங்கிப் பயனில்லை.

மவுஸ் விஷயம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. யாராவது சொல்லுங்கள்.

ரவுண்டானா ஆன்லைன் சென்டர்:

மவுஸுக்கு நான் வருகிறேன். கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். இந்த நொண்டி மவுஸுக்காக நானே நல்ல மவுஸ் இரண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், காரணம் தெரியாமல்.

மவுஸோடு வந்த குட்டி ரிசீவர், புளூடூத், சாதாரண வைஃபை மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே பட்டையில்தான் பேசுகின்றன. சந்தைக்கடையில் எல்லாரும் ஒரே இடத்தில் கூவுகிற மாதிரி. அதுகூடச் சமாளித்துவிடும், புளூடூத் ஒரு விநாடிக்கு 1,600 முறை வரை அலைவரிசை மாறி மாறித் தப்பிக்கும். ஆனால் உங்கள் ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3 என்கிற வேகமான வகையாகத்தான் இருக்கும். அதன் வயரிலும் செருகுகிற இடத்திலும் தரவு ஓடும்போது கசியும் இரைச்சல் அதே 2.4 பட்டையில் போய் விழுகிறது. குறிப்பிட்ட ஒரு அலைவரிசையில் இல்லை, பட்டை முழுக்க. அப்புறம் எங்கே தாவித் தப்பிப்பது? இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை, 2012-ல் இன்டெல் அளந்து பார்த்து எழுதி வைத்த விஷயம். காப்பி ஆகும்போது மோசமாகிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிசீவரும் டிஸ்க்கும் லேப்டாப்பின் ஒரே பக்கம் அருகருகே இருக்குமே? ரிசீவரை அடுத்த பக்கம் மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி ரிசீவரை அதன் நுனியில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். சாதாரண யுஎஸ்பி 2 வயர் போதும், ஒரு முழம் இருந்தாலே வித்தியாசம் தெரியும். டிஸ்க்கையும் லேப்டாப் மேலேயே சாய்த்து வைக்காமல் வயர் எட்டும் தூரம் தள்ளி வையுங்கள், ஹெட்போனுக்கும் நல்லது.

இன்னொன்று. வீட்டில் இன்டர்நெட் எப்படி? போன் ஹாட்ஸ்பாட் என்றால் அதன் செட்டிங்கில் 2.4-ஐ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே கார்டு, ஆன்டெனாவும் பொது. இரண்டில் ஒன்று பட்டையை விட்டு விலகினால் மற்றதுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஹெட்போன் மகள் போனுக்கு ஓடுவதற்கு, அந்தப் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு லேப்டாப்போடு சேருங்கள். கடைசியாகப் பழகின ஆளைத் தேடி ஓடுவது அதன் குணம்.

பாலக்கோடு தக்காளி:

மைக் பின் பற்றி: அந்த ஒரே ஓட்டை ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து. போன் இயர்போன் பின்னைப் பாருங்கள், மூன்று கருப்பு வளையம் இருக்கும், அதாவது நாலு பகுதி. மைக்குக்குக் கடைசிப் பகுதி. உங்கள் இளஞ்சிவப்பு பின்னில் இரண்டு வளையம்தான், அதைப் பார்த்து லேப்டாப் சாதா ஹெட்போன் என்று நினைத்து ஸ்பீக்கரை அடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் நாலு பகுதிப் பின், மறுபக்கம் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு ஓட்டை வைத்த ஸ்ப்ளிட்டர் கிடைக்கும். இல்லை என்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு, விரல் அளவுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஒட்டுப் பின்கள் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அது இருக்கட்டும், காதை மூடுகிற பெரிய ஹெட்போன்தானே? டப்பாவில் இரண்டு பக்கமும் பின் வைத்த கருப்பு வயர் ஒன்று இருந்திருக்குமே அண்ணா, பார்த்தீர்களா? பாட்டு வெட்டும் வேலைக்கு வயர்தான். புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர ஒன்று, இரண்டு பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம் ஆகும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது, தாளத்தில் வெட்டும்போது தெரியும்.

கூத்துக்கொட்டாய்:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தங்கச்சி வீட்டு விசேஷம்.

ஓசூர் தம்பி சொன்ன மாதிரி மீட்டரைத் தொடவில்லை, இன்புட்டை மாற்றினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வேலை செய்தேன், ஒரு தடவைகூடத் தகரம் ஆகவில்லை. வேண்டுமென்றே ஒரு முறை மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், உடனே கொசு வந்துவிட்டது. டிக் எடுக்கவில்லை. மகளுக்கு அதில்தான் வகுப்பு.

மவுஸ் ரிசீவரை அடுத்த பக்கம் போட்டதிலேயே முக்கால்வாசி சரி. மீதிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினேன். இப்போது டிஸ்க் காப்பி ஆகும்போதும் அம்புக்குறி நேராக நடக்கிறது. ஆன்லைன் சென்டர் அம்மாவுக்கு நன்றி. ஹாட்ஸ்பாட்டில் 5 என்று ஒன்றுமே காட்டவில்லை, என் போன் அவ்வளவு பழசு. அதனால் வெட்டுகிற வேலை நடக்கும்போது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுகிறேன், அதற்கு இன்டர்நெட் எதற்கு.

பாலக்கோடு தம்பி சொன்ன கருப்பு வயர் டப்பாவுக்குள்தான் இருந்தது, அட்டைக்கு அடியில், பிரிக்காத பிளாஸ்டிக்கோடு. போட்டுக் கேட்டேன். கோடு ஓடுகிற இடமும் தாளம் விழுகிற இடமும் ஒன்றாக நிற்கின்றன. இத்தனை நாள் நான் ஒவ்வொரு வெட்டையும் ஒரு அடி தள்ளிப் போட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. பழைய ஃபைல்களை மறுபடி பார்க்க வேண்டும்.

வயரில் கேட்ட முதல் பதிவு அப்பா வாசித்தது. விடிகாலைப் பக்கம், பாட்டுக்கு நடுவில், ஆர்மோனியக்காரரிடம் அவர் தண்ணீர் கேட்கிறார். ஸ்பீக்கரில் எத்தனை தடவை போட்டிருப்பேன், அது காதில் விழுந்ததே இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தோடு அந்த இடத்தையும் வெட்டிவிட்டேன், உடனே கண்ட்ரோல் இசட் போட்டுத் திரும்ப எடுத்துவிட்டேன்.

ஹெட்போனை மாற்றவில்லை, வியாழக்கிழமையும் போய்விட்டது. ஓட்டையில் இப்போது வயர் உட்கார்ந்துவிட்டதால் மைக்குக்கு அந்த யுஎஸ்பி சவுண்ட் கார்டுதான் வாங்க வேண்டும். காவேரிப்பட்டணத்தில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன். அம்மா, உங்கள் சென்டரில் கிடைக்குமா?

ரவுண்டானா ஆன்லைன் சென்டர்:

என்னிடம் இல்லை, பக்கத்துக் கடையில் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் அவர்கள் மூடிவிடுவார்கள், காலையிலேயே வாருங்கள். மைக்கையும் கையோடு எடுத்து வாருங்கள், மாட்டிப் பார்த்துவிட்டே வாங்கிக்கொள்ளலாம்.