வட்ட இயக்கத்தைக் கையால் செய்து பார்க்க வைப்பது எப்படி?

கேள்வி: பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சூத்திரத்தை ஒப்பித்துவிடுகிறார்கள், ரேடியன் என்ற கோண அலகு எதற்கு என்றால் முழிக்கிறார்கள். ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். சக்கரத்தின் ஆரம் அளவுக்கு நூலை வெட்டி டயரின் மேல் சுற்றி அளக்கச் சொல்லுங்கள், ஆறு முறை போய்க் கொஞ்சம் மிஞ்சும். ஒரு நூல் நீளம் டயரில் பிடிக்கும் கோணம்தான் ஒரு ரேடியன், முழுச் சுற்றுக்கு 2π, அதாவது சுமார் 6.28 ரேடியன், அந்த மிச்சம்தான் 0.28. சக்கரத்தைச் சுற்றி, அச்சிலிருந்து வால்வின் உயரத்தை 30 டிகிரிக்கு ஒருமுறை குறித்தால் சைன் வளைவும் கிடைக்கும்.

பதில்: அப்புறம் பேனாக் குழாய்க்குள் நூல், மேல் நுனியில் ரப்பர் கார்க், கீழ் நுனியில் வாஷர்கள். குழாயைப் பிடித்துக் கார்க்கைச் சுற்றினால், வாஷர்களின் எடைதான் அதை உள்நோக்கி இழுத்து வட்டத்தில் வைக்கிறது. ஆரம் மாறாமல் இரு மடங்கு வேகத்தில் சுற்ற நான்கு மடங்கு வாஷர் வேண்டும். உராய்வு இருக்கும், கச்சிதமாக வராது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுற்ற விடாதீர்கள், எங்கள் வகுப்பில் கார்க் பறந்து ட்யூப்லைட் போயிற்று.

கேள்வி கேட்டவர்: சரி, நாளைக்கே சைக்கிள்!