ஜீவனாம்சம்: மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா?

வணக்கம். குடும்ப நீதிமன்ற அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். என் அக்காவுக்காகக் கேட்கிறேன்.

அக்காவும் மாமாவும் பிரிந்து வாழ்கிறார்கள். பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்துக்குப் பேச்சு நடக்கிறது. பையன் மூன்றாம் வகுப்பு, அக்காவிடம் இருக்கிறான். மாமா திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது. மாத வருமானம் பதினைந்தாயிரம்தான் என்கிறார். சனிக்கிழமை டெய்லர்களுக்குக் கொடுக்கும் வாரச் சம்பளமே அதைத் தாண்டும். அந்தச் சம்பள நோட்டை எழுதி வந்ததே அக்காதான்! அதன் சில பக்கங்கள் அவள் போனில் படமாக இருக்கின்றன. அவை சாட்சியாகச் செல்லுமா? ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கு விவரங்களை நீதிமன்றம் மூலம் கேட்டு வாங்க முடியுமா?

ஜீவனாம்ச வழக்கென்றால் இரண்டு பேருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. அதனால் பேச்சு முடியும்வரை காத்திராமல் இப்போதே பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 125) ஜீவனாம்ச மனு போடுவது நல்லதென்று எனக்குப் படுகிறது. ஆனால் மனு போட்டால் சமரசம் கெட்டுவிடும் என்று அக்கா பயப்படுகிறாள். மாமாவுக்கும் பையன் என்றால் உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு லட்சம் மொத்தமாகத் தருகிறேன், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடு என்கிறார். அப்படி எழுதிக்கொடுத்தால் பையனின் படிப்புச் செலவையும் பிற்பாடு கேட்க முடியாதா? மாதாமாதம் வாங்குபவர்களுக்குப் பணம் ஒழுங்காக வருகிறதா? கட்டணமில்லாமல் ஆலோசனை பெற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனவர்கள் இருந்தால், என்னென்ன காகிதம் கொண்டுபோனீர்கள் என்று சொல்லுங்கள்.