பழைய இன்லைன் மசில்லோடர்: வாங்கியவர்கள், மாற்றியவர்கள் அனுபவம்

அமெரிக்காவின் பாய்சி, ஐடஹோவிலிருந்து:

பழைய இன்லைன் மசில்லோடர் துப்பாக்கி வாங்கலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்துச் சுடுவது மசில்லோடர். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே முறைதான். பழைய வகையில் கேப், அதாவது அடித்தால் நெருப்பு கக்கும் சின்ன உலோக மூடி, குழலின் பக்கவாட்டில் இருக்கும். அதன் நெருப்பு வளைந்து திரும்பித்தான் மருந்தைத் தொட வேண்டும். இன்லைனில் கேப் குழலுக்கு நேர் பின்னால் இருப்பதால் நெருப்பு நேராகப் பாயும். ஈரமான காலையிலும் நம்பி விசையை இழுக்கலாம்.

இன்று விற்கும் இன்லைன்களில் பெரும்பாலானவை 209 என்ற பிரைமரில், அதாவது ஷாட்கன் தோட்டாவில் தீ மூட்டும் பகுதியில், வெடிப்பவை. எங்கள் ஐடஹோவில் மசில்லோடருக்கென்றே ஒதுக்கிய சீசனில் அது கூடாது. நம்பர் 11 கேப், மஸ்கெட் கேப், இல்லையென்றால் சிக்கிமுக்கிக் கல், இவ்வளவுதான். கேப் மூடப்படாமல் வெளியே தெரிய வேண்டும். தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கும் அனுமதி இல்லை. குண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை போடும் சபோவுக்கும் இல்லை. குண்டு குழலின் அளவுக்கே இருக்க வேண்டும். மாத்திரை வடிவ மருந்தை விட்டுவிட்டுத் தூளாக அளந்து போட வேண்டும். குழலின் உள் அளவு மானுக்குக் குறைந்தது 45 காலிபர், எல்க் என்ற பெரிய மானுக்கு 50.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், கடைக்காரர் 'பழசு' என்று ஒதுக்கி வைத்திருக்கும் துப்பாக்கிதான் இங்கே பொருத்தம். நான் தேடியது நைட் எம்கே-85. மிசௌரியில் துப்பாக்கி பழுதுபார்த்துக் கொண்டிருந்த டோனி நைட் 1985-இல் கொண்டுவந்தது. கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள், நம்பகமான மசில்லோடர் இல்லையே என்று குறைப்பட்டதில் பிறந்த துப்பாக்கி. இன்லைன் என்ற வகையை அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான். பெயரில் உள்ள எம்கே அவருடைய மகள் மிஷெல் நைட். இரண்டு சேஃப்டி உண்டு. வழக்கமானது ஒன்று, பின்னால், கேப்பை அடிக்கும் ஸ்ட்ரைக்கரில் திருகி முன்னே கொண்டுவருவது இன்னொன்று. அந்தத் திருகு முன்னால் இருந்தால் விசையை இழுத்தாலும் ஸ்ட்ரைக்கர் கேப்பைத் தொடாது. இத்தனை வருடம் கழித்தும் இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது ஒரு அடகுக்கடையில் இருந்தது. கட்டை பளபளவென்று இருந்தது. மேலே நல்ல ஸ்கோப். "காலிதான், பாருங்கள்" என்று கடைக்காரர் கையில் கொடுத்தார். மசில்லோடரில் யார் சொன்னாலும் நம்பக்கூடாத சொல் அது. கெட்டிக்கும் கம்பியை வாய் வழியாக மெல்ல இறக்கினேன். தட்டி நின்ற இடத்தில், வாயின் விளிம்புக்கு நேராகக் கம்பியில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். வெளியே எடுத்துக் குழலின் மேல் பக்கமாக வைத்து அளந்தேன். கம்பி, குழலின் பின்புறத்தை மூடும் பின் அடைப்பின் முகம் வரைக்கும் போயிருக்க வேண்டும். மூன்று விரற்கடை குறைந்தது. அதாவது உள்ளே யாரோ எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன.

துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. பக்கத்திலிருந்த துப்பாக்கிப் பழுதுக்காரர் வந்து, கேப் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின் அடைப்பைக் கழற்றி, முன்பக்கமிருந்து தள்ளினார். சபோவும் குண்டும், ஈரம் குடித்துக் கட்டியாகிப்போன மாத்திரை மருந்தும் வந்து விழுந்தன. மருந்து கிடந்த இடத்தில் குழலின் உட்புறம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக அரித்திருந்தது. விலையைப் பாதியாகக் குறைக்கிறேன் என்றார். நான் எடுக்கவில்லை. அரிப்பு விழுந்த குழலைச் சரிசெய்ய முடியாது. ஸ்கோப்பும் கட்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்கப்புறம் வேட்டையை விட்டுவிட்டவர். கட்டையெல்லாம் கீறல். ஆனால் பின் அடைப்பைக் கையோடு கழற்றிக் காட்டினார், மரையில் கிரீஸ் மணந்தது. வெள்ளைத் துணித் துண்டை எண்ணெயில் நனைத்துக் குழலுக்குள் ஓட்டினேன். லேசான சாம்பல் நிறத்தில் வந்தது. செம்பழுப்பாக வந்திருந்தால் துரு. பின்பக்கமிருந்து விளக்கைக் காட்டியபோது, குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரிகள் கடைசிவரைக்கும் கூர்மையாக ஓடின. அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

மாற்றியதில் பெரிய வேலை இல்லை. கேப் உட்காரும் நம்பர் 11 நிப்பிளைக் கழற்றி, அதே மரையில் ஏறும் மஸ்கெட் கேப் நிப்பிள் போட்டேன். மஸ்கெட் கேப் பெரியது, நெருப்பும் கூடுதல். குளிரில் விறைத்த விரலாலும் எடுத்துப் பொருத்த முடிகிறது. மருந்து எதுவும் இல்லாமல் வெறும் கேப்பை வெடித்துப் பார்த்து, ஸ்ட்ரைக்கர் நடுவில் அடிக்கிறதா என்று தடத்தைப் பார்த்தேன். ஸ்கோப்பை எடுத்துவிட்டு, சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட் பொருத்தியது மட்டும் பழுதுக்காரர் வேலை. குண்டுக்கு ஹார்னடி கிரேட் ப்ளெய்ன்ஸ் 385 கிரெயின். என் எம்கே-85-இன் சுழல்வரி முறுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் இந்த நீள ஈயக் குண்டு அதில் நன்றாக நிலைக்கிறது. மருந்தை 70 கிரெயினில் தொடங்கி 80 வரை ஏற்றினேன். மருந்துக்குச் சொன்ன கிரெயின் கொள்ளளவுக் கணக்கு. அளவைக்குழாயில் அளப்பது, தராசில் நிறுப்பது இல்லை. புகையில்லா மருந்தை, அதாவது சாதாரண ரைஃபிள் தோட்டாவில் இருப்பதை, இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. குழல் வெடித்துக் கை போகும்.

நவம்பர் கடைசியில் பனி படிந்த சேஜ் புதருக்கு நடுவே ஒரு மியூல் மான். எழுபது கஜம் இருக்கும். பீப் சைட்டில் நூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். புகை விலகியபோது மான் விழுந்து கிடந்தது. வீடு வந்ததும் இறைச்சி வேலைக்கு முன்னால் குழலை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவினேன். அந்த வேலையை மறுநாளுக்குத் தள்ளவே கூடாது. பழைய கரிமருந்தானாலும், அதற்குப் பதிலாக விற்கும் பெரும்பாலான மாற்று மருந்தானாலும் எரிந்த கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

பென்சில்வேனியாவிலிருந்து:

பாய்சி அண்ணா சொன்ன கம்பிச் சோதனையை எல்லோரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். என் பங்குக்குப் பின் அடைப்பைப் பற்றிச் சொல்கிறேன். நான் வாங்கியது தாம்சன் சென்டர் நிறுவனத்தின் பழைய ஒமேகா, 50 காலிபர், 209 பிரைமர். எங்கள் மாநிலத்தில் அக்டோபரில் பெட்டை மானுக்கு வரும் மசில்லோடர் சீசனில் இன்லைன் செல்லும். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வருவது சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும்.

விற்றவர் மரையில் கிரீஸ் தடவாமலேயே பல சீசன் சுட்டிருக்கிறார் போல. பின் அடைப்பு அசையவில்லை. சாதாரண ஸ்பேனரைப் போட்டு வளைக்க வேண்டாம், தலை மழுங்கிவிட்டால் அப்புறம் பிடிமானமே கிடைக்காது. அதற்கென்றே உள்ள சாவி வாங்கி, இரண்டு பக்கமும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, குழலை நிமிர்த்தி வைத்து ஊறவிட்டேன். கடைசியில் பழுதுக்காரர் குழலை மெத்தை வைத்த இடுக்கியில் பிடித்து, லேசாகச் சூடுகாட்டித் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம், வந்துவிட்டது. பார்த்தால் நெருப்பு போகும் துளை எரிந்து அகலமாகி, ஓரம் கோணலாக இருந்தது. அப்படி இருந்தால் புது அடைப்புதான். 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸன் தாம்சன் சென்டரை விற்கப்போவதாக அறிவித்ததற்கப்புறம் உதிரிபாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. பழையதை வாங்குகிறவர்கள், அதற்கு அடைப்பு இன்றைக்கு எங்கே கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மிச்சிகனிலிருந்து:

விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கரிமருந்துக்கென்றே செய்யப்பட்டு, தோட்டா போட்டுச் சுட முடியாத மசில்லோடர், கூட்டாட்சி அளவில் 'பழம்பொருள்' கணக்கில் வருகிறது, துப்பாக்கிக் கணக்கில் வராது. ஆனால் குழலை மாற்றினால் தோட்டா சுடும் துப்பாக்கியாகிவிடும் என்றால் அந்தச் சலுகை கிடையாது. தாம்சன் சென்டர் என்கோர் அப்படிப்பட்டது. கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கையில் வரும்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் சட்டக் கணக்கில் துப்பாக்கி என்று வருவதை வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. எனவே முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு, பின் உரிமம், அதற்கப்புறம் துப்பாக்கி. சில மாநிலங்கள் மசில்லோடரையும் சாதாரணத் துப்பாக்கியாகவே பார்க்கின்றன. என் நண்பர் ஒருவர் என்கோரையும் மற்ற மசில்லோடர்களையும் ஒன்று என்று நினைத்துத் தனியாரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நல்லவேளை, பணம் கைமாறுவதற்குள் கேட்டார். இந்த விஷயத்தில் தெரியாது என்பது சாக்காக நிற்காது.

டென்வரிலிருந்து:

கொலராடோவில் 209 பிரைமர் செல்லும். ஆனால் மசில்லோடர் சீசனில் ஸ்கோப், சபோ, மாத்திரை மருந்து மூன்றும் கிடையாது. நான் சிவிஏ நிறுவனத்தின் பழைய ஆப்டிமா வைத்திருக்கிறேன். பீப் சைட், தூள் மருந்து, முழு ஈயக் குண்டு என்று மாற்றிவிட்டேன். பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்தில் நன்றாக அடிக்கிறது. இதையே ஐடஹோவுக்குக் கொண்டுவர, பின் அடைப்பை மட்டும் மஸ்கெட் கேப்புக்கு மாற்றினால் போதுமா அண்ணா?

பாய்சியிலிருந்து மறுபடி:

போதாது தம்பி. ஆப்டிமா நடுவில் மடிந்து திறப்பது. மூடினால் கேப்பும் உள்ளே மறைந்துவிடும், இங்கே கேப் வெளியே தெரிய வேண்டும். சிவிஏவே இதற்காக நார்த்வெஸ்ட் என்ற பெயரில், அந்த இடத்தில் திறப்பு விட்ட சட்டகத்தோடு தனி மாடல் போட்டிருக்கிறது. பழையதில் அது கிடைத்தால் விடாதீர்கள். உங்களுடையதை அரத்தால் ராவித் திறப்பு உண்டாக்க நினைக்கவே வேண்டாம், அழுத்தம் தாங்கும் இடம் அது. சந்தேகம் இருந்தால் ஐடஹோ மீன், வேட்டைத் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள், பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள். விதி வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும்.

மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பிளாக்ஹார்ன் பற்றுவதற்கு 209 பிரைமரின் சூடு வேண்டும், மஸ்கெட் கேப்பை நம்பி அதைப் போட்டால் புஸ்ஸென்று போகும், இல்லையென்றால் தாமதமாக வெடிக்கும். வெடிக்கவில்லை என்றால் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். நான் ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்தைத் தூளாகப் போடுகிறேன். அது கரிமருந்தைவிட வேகம் என்பதால் கரிமருந்து அளவிலிருந்து 15 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு மருந்து எரியும் இடத்துக்குச் சற்று மேலே கசடு வளையமாகக் கட்டும், ஈரத்துணியை ஒருமுறை ஓட்டிவிட்டு அடுத்ததைக் கெட்டியுங்கள். அந்த வளையத்தில் குண்டு பாதியில் நின்று, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழலே பிளக்கலாம். அதனால் சரியாகக் கெட்டித்த அளவைக் கம்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு வாயோடு ஒட்டவில்லை என்றால் கேப் போடுவதில்லை.