ஒரு நாட்டின் கரிம வெளியேற்றம் அதன் கடன்பத்திரத்தைப் பாதிக்குமா?

ஈசூன் மாலா
வணக்கம். மகன் படிப்புக்காகச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் வாங்கி வருகிறேன். இப்போது முகவர் ஒருவர், பல நாட்டு அரசாங்கப் பத்திரங்களில் போடும் நிதி ஒன்றைக் காட்டுகிறார். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் நேராகக் கரிம வெளியேற்றக் கணக்கு இருக்கிறது. புகைக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூரோங் ரவி
சம்பந்தம் உண்டு, அக்கா. நான் ஜூரோங் தீவில் ரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். 2019இல் கரிம வரி டன்னுக்கு 5 வெள்ளி, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024இல் 25, 2026இல் 45. இப்போது ஃபிளேரில், அதாவது மிச்ச வாயுவை எரிக்கும் உயரக் குழாயில், நெருப்பு கொஞ்சம் உயர்ந்தாலே, ஏன் எரிகிறது, எவ்வளவு நேரம் என்று கட்டுப்பாட்டு அறைக்குக் கேள்வி வந்துவிடும்.

நாடுகளுக்கும் இதே நெருக்கடிதான், வேறு வழியில் வருகிறது. நிலக்கரி, எண்ணெய் வருமானத்தில் பட்ஜெட் போடும் அரசாங்கத்துக்கு, வாங்குகிறவர்கள் குறைந்தால் கஜானா வற்றும். இரும்பு, சிமெண்ட் ஏற்றுமதி செய்தால் ஐரோப்பாவின் எல்லைக் கரிமக் கட்டணம், அதாவது அங்கே இறக்குமதியாகும் பொருளைச் செய்யும்போது வந்த புகைக்கான கட்டணம். 2026 முதல் அதற்கும் கணக்கு ஓடுகிறது. 30 வருடக் கடன் கொடுப்பவர் இதையெல்லாம் பார்க்காமல் இருப்பாரா? சுவீடன் மத்திய வங்கி 2019இலேயே கனடாவின் ஆல்பர்ட்டா, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநில அரசுகளின் பத்திரங்களை வெளியேற்றம் அதிகம் என்று விற்றுவிட்டது. அப்போது கடனைக் கட்டத் தவறிய இடங்கள் இல்லை அவை!

செங்காங் பானு
அந்தக் கணக்கை மட்டும் நம்பிப் போடாதீர்கள் மாலா. கரீபியக் கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடு டொமினிகா வெளியிடும் புகை சொற்பம். 2017இல் மரியா புயல் அடித்ததில், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சேதம். புகை விட்டது யாரோ, கடன் வாங்கிக் கட்டுவது அவர்கள். இந்த அநியாயம் உங்கள் பட்டியலில் தெரியாது. நம் கரையோரப் பாதுகாப்புக்கே 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி வேண்டியிருக்கும் என்று 2019 தேசிய தினப் பேரணியில் சொன்னார்கள். நம்மிடம் சேர்த்துவைத்த நிதி இருப்பு இருக்கிறது. டொமினிகாவிடம்?

ஈசூன் மாலா
அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது?

ஜூரோங் ரவி
பானு சொல்வது சரி. இரண்டையும் பார்க்க வேண்டும். வெளியேற்றத்தில், இன்று எவ்வளவு என்பதைவிட, வருடா வருடம் அது இறங்குகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். தென் அமெரிக்க நாடான உருகுவே 2022இல் விட்ட பத்திரத்தில், பருவநிலை இலக்கைத் தவறவிட்டால் வட்டி ஏறும், தாண்டிச் சாதித்தால் இறங்கும். அப்புறம், முகவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த எண் நாட்டின் மொத்தமா, தலைக்கு இவ்வளவா, உற்பத்தி மதிப்புக்கு இவ்வளவா? எதை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நம் சிங்கப்பூரே பட்டியலில் மேலும் கீழும் போகும்.