புது கிரெட்டாவுக்கு 48,000 ரூபாய் ஆக்சஸரீஸ் பேக்கேஜ்: எதை எடுப்பது, எதை விடுவது?

பீளமேடு_அப்பா:
வணக்கம். அடுத்த வாரம் வண்டி கைக்கு வருகிறது. ஹூண்டாய் கிரெட்டா, பெட்ரோல் மேனுவல், கீழ் வேரியண்ட், 16 அங்குல இரும்பு வீல். வீட்டில் நான், மனைவி, இரண்டரை வயது மகள், 67 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மாதம் ஒருமுறை கோவையிலிருந்து கோவில்பட்டி போய்வருவோம், அதாவது போக மட்டும் ஏறக்குறைய 300 கி.மீ. வருடத்தில் இரண்டு தடவை வால்பாறை.

ஷோரூமில் ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள்: லெதர் சீட் கவர், செவன்-டி மேட் (தரை முழுவதும் மூடும் தடித்த மேட்), சைடு ஸ்டெப், டோர் வைசர், மட் ஃபிளாப், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, சன் ஃபிலிம், குரோம் பட்டைகள். மொத்தம் 48,000. "எல்லாரும் போடுவதுதான் சார்" என்கிறார் சேல்ஸ்மேன். இது போக, 17 அங்குல அலாய் வீலுக்கு மாறலாமா என்று எனக்கே ஒரு ஆசை. என்னால் ஒதுக்க முடிந்தது 30,000 ரூபாய்தான். அம்மா ஏறி இறங்க சைடு ஸ்டெப் அவசியம் என்று நினைக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலு_சக்கரம்:
வாழ்த்துகள். பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொருள் பொருளாகப் பிரித்து விலை கேளுங்கள், தருவார்கள்.

உங்கள் பட்டியலில் இருக்க வேண்டிய முதல் பொருளே இல்லை: குழந்தை சீட். பாப்பாவை இப்போது யார் மடியில் வைத்துக்கொள்கிறீர்கள்? அந்த 30,000-இல் பாதி அதற்குப் போனாலும் சரிதான். பின்சீட்டில் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும். அதில் மாட்டும் சீட்டாகப் பாருங்கள். ஆர்129 தரச்சான்று உள்ளதா என்று அடியில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் தெரியும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லி உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு ஆட்டினால் சீட் அசையக் கூடாது. குழந்தையின் எடையும் சீட்டின் எடையும் சேர்ந்து 33 கிலோ வரைதான் ஐசோஃபிக்ஸ் கொக்கியை நம்ப வேண்டும், அதற்கு மேல் போனால் சீட் பெல்ட்டால் கட்டுகிற வகை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. 12 கிலோ குழந்தையை 50 கி.மீ. வேக மோதலில் எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. அம்மாவுக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டிதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் இருந்தார், இப்போது பெல்ட்டை அவரே மாட்டிவிடுகிறார்.

மேட்டுப்பாளையம்_ரோடு:
மேட் பற்றி என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருடம் ஒரு கடையில் செவன்-டி மேட் போட்டேன். கம்பெனி மேட்டை எடுக்காமல் அதன் மேலேயே விரித்துவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து லாரி ஒன்றை முந்தும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினேன், காலை எடுத்த பிறகும் பெடல் மேலே வரவில்லை. மேட்டின் ஓரம் முன்னால் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்து, பிரேக் பிடித்து, ஓரம் கட்டினேன். பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

இது சின்ன விஷயம் அல்ல. அமெரிக்காவில் 2009-இல் இதே காரணத்துக்காக டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட்தான் இருக்க வேண்டும். தரையில் உள்ள கொக்கியில் அது மாட்டியிருக்க வேண்டும். கம்பெனி மேட்டே போதும்.

வடவள்ளி_அக்கா:
தம்பி, சைடு ஸ்டெப் வேண்டாம். என் மாமியாருக்கும் முழங்கால் வலிதான், நாங்கள் போட்டுப் பார்த்துவிட்டோம். கிரெட்டா அவ்வளவு உயரமான வண்டி இல்லை. சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருப்பதால், முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே திருப்புவதுதான் அவர்களுக்குச் சுலபம். ஸ்டெப் இருந்தால் அது நீட்டிக்கொண்டு நிற்கும், இறங்கும்போது அதைத் தாண்டிக் காலை எட்டி வைக்க வேண்டும். மழை நாளில் அதன் சேறெல்லாம் புடவையில்.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். அந்த சீட்டைப் பின்னால் தள்ளினால் முழங்காலை நீட்ட இடம் கிடைக்கும். இறங்கும்போது ஊன்றிக்கொள்ள ஒரு கைப்பிடி விற்கிறது, சில நூறு ரூபாய்தான். கதவு பூட்டு வந்து மாட்டிக்கொள்ளுமே, அந்த இரும்பு வளையத்தில் செருகினால் அதைப் பிடித்து எழுந்துவிடலாம். மாமியார் அதைத் தன் பையிலேயே வைத்திருக்கிறார்.

நாலு_சக்கரம்:
அக்கா சொன்னது சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா முன்சீட்டில் என்றால் சீட் கவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2024 மாடலிலிருந்து கிரெட்டாவில் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக். அவற்றில் இரண்டு முன்சீட்டுகளின் கதவுப் பக்க விளிம்பிலிருந்து, தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அங்கே "ஏர்பேக்" என்று எழுதிய சின்னத் துணித்துண்டு தைத்திருக்கும், பாருங்கள். அதன் மேல் தடித்த கவரை இறுக்கித் தைத்து மூடினால் ஏர்பேக் நேரத்துக்கு விரியாது. கவர் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் திறந்திருக்கும் வகையோ, ஏர்பேக்குக்கென்றே பலவீனமான தையல் போட்ட வகையோ வாங்குங்கள். நான் துணி சீட்டை அப்படியே வைத்திருக்கிறேன். கோவில்பட்டி வெயிலுக்கு லெதரைவிட அதுதான் முதுகுக்கு நல்லது.

பீளமேடு_அப்பா:
சைடு ஸ்டெப் பற்றி நான் நினைத்தது முழுத் தவறு. அம்மாவை நேற்று ஷோரூமுக்கே அழைத்துப்போய் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரி உட்கார்ந்து திரும்பினார், சிரமமே இல்லை. மிக்க நன்றி அக்கா. அலாய், ஃபிலிம், துருப்பூச்சு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

டயர்_பித்தன்:
உங்களுக்கு வரும் டயர் அளவு 205/65 ஆர்16, அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 16 அங்குலம். மேல் வேரியண்டில் 215/60 ஆர்17. பக்கச்சுவர் உயரம் முதலாவதில் 133 மி.மீ., இரண்டாவதில் 129 மி.மீ. சொகுசில் பெரிய வித்தியாசம் வராது, பார்வைக்குத்தான். நான்கு அலாய், நான்கு டயர் என்று போனால் உங்கள் பட்ஜெட் மொத்தமும் காலி. இப்போதுள்ள டயர் தேயட்டும், அப்போதும் ஆசை இருந்தால் அதே 215/60 ஆர்17-க்குப் போங்கள். கம்பெனியே இந்த வண்டிக்குக் கொடுக்கும் அளவு என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கும் பெரிதாகத் தப்பாது. அதைவிட அகலமாக எதுவும் வேண்டாம்.

இப்போதைக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்குங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு, பஞ்சர் கடையை நம்ப முடியாது. மெதுவாகக் காற்று இறங்கும் டயரோடு ஊர்வரை வந்து சேர இது போதும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்கும் பழக்கமும் வரும்.

சட்டம்_பேசுவோம்:
கறுப்பு ஃபிலிம் வேண்டாம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. அப்புறம் விதி திருத்தப்பட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவினால் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் செக்போஸ்ட்டில் நிறுத்துகிறவரிடம் அளக்கும் கருவி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிறுத்தி வைக்கும்போது முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு வைத்தாலே சூடு நன்றாகக் குறையும்.

பம்பருக்கு முன்னால் கம்பி மாட்டச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மோதலின் விசையை நேராக வண்டியின் அடிச்சட்டகத்துக்குக் கடத்தும். ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதன் மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது.

துருப்பூச்சு தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் யோசிக்கலாம். கோவையில் தேவையில்லை. கவனமில்லாமல் அடித்தால் தண்ணீர் வடியும் துளைகளையே அடைத்துவிடுவார்கள்.

மேட்டுப்பாளையம்_ரோடு:
டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமரா, யாரும் சொல்லவில்லையே? வெயிலில் நிற்கும் வண்டி என்பதால் உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் கெபாசிட்டர் உள்ளதாக வாங்குங்கள். ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், வாரண்டி பிரச்சினை வரும். ஃபியூஸ் பெட்டியில் செருகும் இணைப்பான் இருக்கிறது. முன்கண்ணாடி ஓரத் தூணில் ஒயர் இழுக்கும்போது திரை ஏர்பேக்குக்கு (பக்க ஜன்னலை மறைத்துத் திரை போல விரிவது) பின்னால்தான் போக வேண்டும், முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது தடையாகும். பில்லைப் பத்திரமாக வைத்து, இன்சூரன்ஸில் மின்சாதனம் என்று தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

பீளமேடு_அப்பா:
முடிவெடுத்துவிட்டேன். குழந்தை சீட் 17,000, டேஷ்கேம் பொருத்துக்கூலியோடு 6,500, பம்பு 2,500, டோர் வைசரும் மட் ஃபிளாப்பும் 3,000, அம்மாவுக்குக் கைப்பிடி 500. மொத்தம் 29,500. பேக்கேஜ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன், சேல்ஸ்மேன் மறுபேச்சு பேசவில்லை. குழந்தை சீட் நேற்றே வந்துவிட்டது. வண்டி வரும்வரை பழகட்டும் என்று ஹாலில் வைத்திருக்கிறோம். மகள் அதில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிடுகிறாள்.