வீட்டுச் சொக்கற்றில் கார் மின்னேற்றும்போது கருகிய மணம்: என்ன செய்யலாம்?

உப்புவெளி ரீச்சர்:
வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் 30 கிலோவாற்றுமணி பற்றரியுள்ள, பாவித்த நிசான் லீஃப் மின்கார் ஒன்றை வாங்கினோம். பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் 12 கட்டங்களில் 9 இருக்கிறது. கந்தளாயில் உள்ள பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர் ஓடுகிறேன்; ஏசி போட்டபடி வீடு திரும்பும்போதும் பற்றரியில் நூற்றுக்கு முப்பதளவில் மின் இருக்கிறது. 2022 இல் நானும் கணவரும் முறைவைத்துப் பெற்றோல் வரிசையில் இரவுகளைக் கழித்ததை நினைத்தால், இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் சென்ற செவ்வாய் இரவு ஒரு மணியளவில் கருகிய மணம் வந்து எழுந்து பார்த்தபோது, விறாந்தையில் உள்ள 13 அம்பியர் சொக்கற்றின் இடப்பக்கத் துளையைச் சுற்றித் தேநீர்க்கறை போல மண்ணிறம் படிந்திருந்தது. பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. உடனே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டேன். கோளாறு காரிலா, வயரிங்கிலா? இந்தக் காரில் மட்டக்களப்புக்குப் போகலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

உவர்மலை வயர்மேன்:
ரீச்சர், மெயினை முதலில் நிறுத்தியது மிகச் சரியான செயல். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் கோளாறு சொக்கற்றில்தான் இருக்க வேண்டும். கார் 3 கிலோவாற்று எடுக்கும்போது, 230 வோல்ற்றில் 13 அம்பியர் ஓடுகிறது. கேத்தில் ஐந்து நிமிடமும் அயன்பொக்ஸ் அரை மணி நேரமும் எடுக்கும் சுமையை, உங்கள் கார் ஐந்து மணி நேரம் ஓயாமல் எடுக்கிறது. தொடுகை சற்றுத் தளர்ந்திருந்தாலே அந்த இடத்தில் தடை கூடிச் சூடேறும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பித்தளையைப் பச்சை பிடிக்க வைப்பதை நான் நாளாந்தம் பார்க்கிறேன். இடப்பக்கத் துளை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூற்றல் கம்பிக்குரியது. அதன் திருகாணியை வயர்மேன் ஒருவரிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொக்கற்றை மட்டும் மாற்றினால் போதாது. மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து காருக்கென்றே 6 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி இழுத்து, அதற்குத் தனி பிரேக்கரும் மின்கசிவு வந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். முனையில் நீலநிறக் கைத்தொழில் சொக்கற் ஒன்றை, வாடைக்கால மழைச்சாரல் படாத சுவரில் பொருத்துங்கள். நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம்.

நிலாவெளி லீஃப்காரன்:
ரீச்சர், வயர்மேன் அண்ணா சொன்னதற்கு மேல் வயரிங் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. எனக்குக் கவலை பற்றரியின் சூடுதான். லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. தானாக ஆறினால்தான் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாடசாலையில் மரநிழல் தேடி நிறுத்துங்கள், வீட்டுக்கு வந்த சூட்டோடு செருகாதீர்கள். நான் இரவு 10.30 க்குப் பிறகே மின்னேற்றுகிறேன். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறினால், 10.30 முதல் காலை 5.30 வரை அலகின் விலையும் குறைவு. மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 15 அலகு என்று வைத்தால், 22 பாடசாலை நாட்களுக்குக் காருக்கு மட்டுமே 330 அலகு வரும். சாதாரண கட்டணத்தில் 180 அலகைத் தாண்டியவுடன் அதியுயர் படிக்குப் போய்விடுவீர்கள்.

மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. உங்கள் பற்றரியில் ஒரே மூச்சில் போக முயல வேண்டாம். வாகரைப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் மூன்று மணி நேரம் மின்னேற்றினால் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் கூடும்.

உப்புவெளி ரீச்சர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை எங்கள் பகுதி வயர்மேன் வந்து சொக்கற்றைக் கழற்றினார். நியூற்றல் திருகாணி பாசி பிடித்தது போல் பச்சையாக இருந்தது; கம்பியின் உறை ஓர் அங்குல நீளத்துக்கு இறுகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. இப்போது தனிக் கம்பி இழுத்தாயிற்று. நேற்றிரவு மூன்று மணிக்கு எழுந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். வாகரையில் சித்தி வீடு இருக்கிறது. அங்குள்ள சொக்கற்றையும் வயர்மேன் ஒருவர் கழற்றிப் பார்த்த பிறகே மட்டக்களப்புக்குப் புறப்படுவோம்.